ஆற்றோரம் கண்டல் நட வருகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். காட்டோரத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் இடத்தைக் கையாலேயே கொத்திக் கிளறி கிளோவர், ஓட்ஸ், டர்னிப் என்று விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வெள்ளைவால் மான் மேய வந்து பழகிவிடும். சீசன் தொடங்கியதும் பரண் மேல் ஏறி உட்கார்ந்து சுடுவார்கள். நம் காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் போனில் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு துண்டு போட்டால் என்ன தாத்தா?" என்கிறார்கள்.

மானுக்குப் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த நாட்டில் மானைச் சுட்டவனுக்கு ஜெயில்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் பிடிக்க வேண்டியது தானாக நம் பக்கம் வரும்படி ஒரு துண்டு இடத்தில் கையால் நட்டுவைக்கிற வேலைக்கு நம் ஆற்றோரத்தில் வழி இருக்கிறது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கலந்து, கடலுக்கும் காட்டுப்பள்ளி மணல்மேட்டுக்கும் பின்னால் பழவேற்காடு ஏரி வரைக்கும் நீளுகிறதே உப்புத்தண்ணீர், அதன் ஓரத்தில் கண்டல், அதாவது அலையாத்தி, நடலாம். மானுக்குப் பதில் இறால் வரும், நண்டு வரும், மடவை வரும். அவற்றைப் பிடிக்க நமக்கு உரிமையும் உண்டு, பழக்கமும் உண்டு. இந்த வருடம் புதிதாகச் சேற்றில் கால் வைக்கப் போகிறவர்களுக்குச் சிலது சொல்லிவைக்கிறேன்.

1. வந்த உடனே கன்றும் கடப்பாரையுமாக இறங்காதீர்கள். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரைக்கும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நட நினைக்கிற இடத்தில் ஒரு மூங்கில் கழியை அடித்து, ஓதம் எதுவரைக்கும் ஏறுகிறது, எதுவரைக்கும் இறங்குகிறது என்று கழியில் வெட்டுக் குறி போடுங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓதம் வேகமாக ஏறும். அட்டமி, நவமியில் தளர்ந்து கிடக்கும். எல்லாக் குறியையும் பார்த்து நடுமட்டம் எது என்று முடிவு செய்யுங்கள். அந்த நடுமட்டத்துக்கும் உச்சி ஓதத்துக்கும் இடைப்பட்ட சேறுதான் கண்டலுக்கான இடம். அதற்குக் கீழே நட்டால் மூழ்கியே சாகும். மேலே நட்டால் உப்புப் பூத்த தரையில் காய்ந்து சாகும்.

சுந்தரவனத்தில் ஓதம் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். அங்கே நடுகிறவனுக்குத் தப்பு செய்ய இடம் உண்டு. சென்னைக் கரையில் மொத்த ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர் அளவுதான். ஆற்றுக்குள் போகப்போக அதுவும் குறையும். நமக்குக் கிடைப்பது ஒரு குறுகிய பட்டை. ஒரு சாண் மேலே கீழே போனால் போனதுதான். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது: ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கடல் மட்டமே உயர்ந்து நிற்கும், பங்குனியில் தாழ்ந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் குறி போட்டவர் மேட்டில் கொண்டுபோய் நட்டுவிடுவார். கோடையில் போய்ப் பார்த்தால் தரை பாளம்பாளமாக வெடித்திருக்கும். பங்குனியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை என்று இரண்டு குறி இருந்தால் உங்களை யாரும் அசைக்க முடியாது.

2. நிறைய நட்டோம் என்பது ஒரு கணக்கே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் வெளிநாட்டுப் பணம் வந்து குவிந்து, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, சுமார் இருநூறு ஹெக்டேரில்தான் உருப்படியாக நின்றது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பிலிப்பைன்ஸில் இதைவிடப் பெரிய கூத்து. அங்கே தாழ்ந்த சேற்றிலும் கடற்புல் மேலும் போய்ச் சுரபுன்னை என்கிற கண்டலை நட்டார்கள். பிழைத்தது நூற்றுக்குப் பத்து, இருபது. காரணத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும்: உயரமான நல்ல இடம் எல்லாம் மீன்பண்ணையாகப் போயிருந்தது, யாரும் சொந்தம் கொண்டாடாத தாழ்வான சேறுதான் நடுவதற்குக் கிடைத்தது. நம் ஊரிலும் இதே சோதனை வரும். கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை பஸ் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து, ரோட்டிலிருந்து இறங்கினால் எட்டுகிற இடத்தில் நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வரட்டும், நல்ல மனசோடுதான் வருகிறார்கள். இடத்தை மட்டும் நீங்கள் காட்டுங்கள்.

3. நடுவதற்கு முன்னால், நடத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பக்கத்திலேயே தாய்மரம் இருக்கிறது, ஓதத்தோடு விதை மிதந்து வருகிறது, ஆனாலும் அந்தத் துண்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் குறை விதையில் இல்லை. அங்கே தண்ணீர் வந்து போகவில்லை என்று அர்த்தம். ஏதோ ஒரு ரோடு போட்டு அடியில் குழாய் வைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது தூர் வாரிய மண்ணைக் கொட்டி வாய்க்காலை அடைத்திருப்பார்கள். பிச்சாவரத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பட்டைபட்டையாகக் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். மரம் போன இடம் வெயிலில் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் ஓதத்தண்ணீர் தேங்கி, வற்றி, உப்பேறி, எதுவும் முளைக்காத தரையானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத்து ஆட்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு 1990-களில் அங்கே செய்த முதல் காரியம், வாய்க்கால் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். தேங்கிய உப்பு வெளியே போக வழி கிடைத்தது, மரம் எழுந்தது. அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்த ராபின் லூயிஸ் என்பவரும் வாழ்நாள் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: தண்ணீரைச் சரிசெய், நாற்று அப்புறம். மண்வெட்டியோடு நாலு பேர் ஒரு நாள் வேலை செய்து அடைபட்ட ஓடை ஒன்றைத் திறந்துவிட்டால், நூறு கன்று நடுவதைவிட அது பெரிய வேலை.

4. நம் ஆற்றுக்கு வெண்கண்டல்தான். எண்ணூரில் இன்னும் மிச்சம் நிற்கிற மரங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். இலையின் மேலே விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். குடித்த உப்பை இலை வழியாகவே துப்புகிற மரம் அது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நிற்கிறதே, அது மூச்சுவேர். கீழே சேற்றில் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. பிச்சாவரத்துப் படங்களில் பார்க்கிற, கால் ஊன்றி நிற்கிற சுரபுன்னை மேல் எல்லோருக்கும் ஆசை. அதை ஓடை ஓரத்தில், தண்ணீர் தினம் வந்து போகிற இடத்தில் நாலைந்து நட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மொத்தத் துண்டையும் அதற்கே கொடுத்துவிடாதீர்கள். தில்லை மரம் கண்ணில் பட்டால் ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

5. விதை விஷயம் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். வெண்கண்டல் மழைக்காலத்தில் விதை உதிர்க்கும். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரைக்கும் மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். மரத்திலிருந்து பறிப்பதைவிட, உதிர்ந்து தண்ணீர் ஓரத்தில் ஒதுங்கியதைப் பொறுக்குவது நல்லது, அது முற்றிய விதை என்பதில் சந்தேகமே இல்லை. பறித்தே ஆகவேண்டும் என்றால் மரத்தை லேசாக உலுக்குங்கள், விழுவது போதும். பொத்தல் விழுந்ததையும் சுருங்கியதையும் அங்கேயே போட்டுவிடுங்கள், உள்ளே புழு இருக்கும்.

பொறுக்கியதை ஆற்றுத்தண்ணீரில் ஒரு பக்கெட்டில் ஊறப்போடுங்கள். ஒரு நாளில் மேல்தோல் தானாகக் கழன்று வரும். உள்ளே மடித்துவைத்த இரண்டு பச்சை இலை இருக்கும், நுனியில் மயிர் படர்ந்த சின்ன முனை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்த முனைதான் வேர். அது கீழே போகவேண்டும். இதைத் தலைகீழாக ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. முனை மட்டும் சேற்றில் புதையும்படி, விரல் மூட்டு ஆழம்கூட வேண்டாம், அழுத்தி வையுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகும். சுரபுன்னைக்கு வேறு கதை: அது மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கும். மேலே தலைக்கும் தண்டுக்கும் நடுவே கழுத்தில் ஒரு மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றியது. அதைக் கூர்முனை கீழாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி செருகுங்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விதை கிடைக்கிற காலமும் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டு வெள்ளம் வருகிற காலமும் ஒன்று. நேராக ஊன்றியதை ஒரே இரவில் கொசஸ்தலையாறு கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் பாதியை நேராக ஊன்றுங்கள், பாதியை அதே இடத்துச் சேற்றை நிரப்பின பையில் வைத்து, ஓதம் தொடுகிற ஓரமாக வளர்த்து, தை பிறந்து தண்ணீர் தெளிந்த பிறகு நடுங்கள். பையைக் கிழித்துக் கையோடு கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சேற்றில் விட்டுவந்த ஒவ்வொரு பையும் அடுத்த வெள்ளத்தில் ஒரு கன்றின் கழுத்தைச் சுற்றும்.

6. நடுகிற நாளை ஓதம் பார்த்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைக்காதீர்கள். இறங்க ஆரம்பிக்கும்போது சேற்றில் காலை வைத்து, ஏற ஆரம்பிக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று போதும். நெருக்கி நட்டால் சீக்கிரம் காடாகிவிடும் என்பது பொய், ஒன்றை ஒன்று நெருக்கிச் சோகை பிடித்து நிற்கும். வரிசையாக நடவேண்டும் என்றும் இல்லை. துண்டின் நடுவில் ஓடை ஓரமாகக் கொஞ்சம் வெறும் சேற்றை விட்டுவையுங்கள். மீன் உள்ளே வந்து போக வாசல் வேண்டாமா?

7. காலில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். பழைய கான்வாஸ் ஷூ நல்லது, ரப்பர் பூட்ஸ் வேண்டாம். சேறு பூட்ஸைப் பிடித்துவைத்துக்கொண்டு உங்களை மட்டும் விடும். முன்பெல்லாம் வெறுங்காலோடு இறங்குவோம். இப்போது காக்கா ஆழி கிழித்துவிடும்.

8. காக்கா ஆழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பாக, விரல் நீளத்தில், கொத்துக்கொத்தாகச் சேற்றை மூடிக் கிடக்கிற சிப்பி. தென்னமெரிக்கப் பக்கத்தது. கப்பலோடு வந்தது என்கிறார்கள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் பரவி, ஆற்றடியில் ஜமக்காளம் விரித்துவிட்டது. இறாலுக்குப் பகலில் சேற்றுக்குள் புதைய இடம் வேண்டும். இந்தச் சிப்பி மூடிய இடத்தில் அது புதைய முடியாது. முன்பு அங்கே கிடைத்த மஞ்சள் ஆழியும் போய்விட்டது. அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவு செய்து அள்ளத் திட்டம் போட்டது. நீங்கள் நடுகிற துண்டில் அது ஏறினால் தாமதிக்காமல் கையால் பிய்த்துச் சாக்கில் கட்டிக் கரையேற்றுங்கள். தண்ணீருக்குள் திரும்ப வீசாதீர்கள், அது விதைத்ததாகிவிடும். கன்றின் தண்டில் ஒட்டுகிற கொட்டலசும் இப்படித்தான். இளங்கன்று அதன் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம்.

9. எருமையையும் ஆட்டையும் விரட்டுகிற வேலையை யாருக்காவது பொறுப்பாகக் கொடுங்கள். கண்டல் இலை அவற்றுக்கு நல்ல தீனி. முதல் இரண்டு வருடம் காவல் இல்லாத துண்டு மேய்ச்சல் நிலம்தான். வேலி போட நீல நைலான் வலையைக் கட்டாதீர்கள். நண்டு மாட்டும், பாம்பு மாட்டும், கடைசியில் அந்த வலையே கிழிந்து கன்றை இறுக்கும். முள் வெட்டிப் போடுங்கள். சீமைக்கருவேலத்துக்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

10. சாம்பலையும் எண்ணெயையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கையைச் சேற்றில் ஒரு சாண் விட்டுப் பாருங்கள். கறுப்பாக, முட்டை நாற்றம் அடித்தால் நல்ல சேறு. வெளிறிய சாம்பல் நிறத்தில் மாவாக வந்தால் அது மின்நிலையத்துச் சாம்பல். மூச்சுவேரை மூடி அடைத்துவிடும். அதன் மேல் நடாதீர்கள். முதலில் அள்ள வேண்டியவர்கள் அள்ளட்டும், அதற்கு மனு எழுதுங்கள்.

எண்ணெய் வேறு விவகாரம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு கொட்டியது கடலோரத்தை நாசமாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்ததோ ஆற்றுக்குள்ளேயே புகுந்து, கண்டல் தண்டிலும் மூச்சுவேரிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. அப்படி நடந்தால் பதறிக்கொண்டு எல்லோரும் இறங்கித் துடைக்காதீர்கள். மிதிக்க மிதிக்க எண்ணெய் சேற்றுக்குள் அமுங்கும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது. ஓடை வாயில் மிதப்பு வேலி கட்டி உள்ளே வராமல் தடுப்பதும், கரையில் நின்று உறிஞ்சி எடுப்பதும்தான் முறை. போட்டோவும் தேதியும் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத்துறைக்கும் அன்றைக்கே கொடுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது அந்தத் தேதிதான் பேசும்.

11. மான் கிளோவரை மேய வருகிற மாதிரி இறால் கண்டல் இலையை மேய வராது. பச்சை இலையில் அதற்கு ஒன்றும் கிடையாது. இலை உதிர்ந்து, தண்ணீரில் ஊறி, பழைய சோறு புளிக்கிற மாதிரி அதன் மேல் நுண்ணுயிரும் பூஞ்சையும் படர வேண்டும். அந்தப் படலம் ஏறிய துகளைத்தான் இறால் குஞ்சும் மடவையும் சின்ன நண்டும் தின்னும். அவற்றைத் தின்னக் கொடுவா வரும். புளோரிடாவில் ஓடம், ஹீல்ட் என்ற இரண்டு பேர் மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்து 1970-களில் இதை எழுதினார்கள். அதனால்தான் நட்ட அடுத்த மாதமே வலையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்கிறேன். இலை உதிர்க்கிற அளவுக்கு மரம் ஆகவேண்டும், உதிர்ந்தது அங்கேயே தங்கி மக்க வேண்டும். முதலில் மூச்சுவேர் நடுவே கொசுக்கூட்டம் அளவுக்குக் குஞ்சுமீன் தெரியும். பெரிய மீனுக்குப் பயந்து அங்கே ஒண்டுகிறது. அதைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இறாலைப் பற்றி ஒன்று மறந்துவிடாதீர்கள். வெள்ளை இறாலும் வரி இறாலும் ஆற்றில் பிறப்பதில்லை. கடலில் முட்டை பொரித்து, மயிரிழைக் குஞ்சாக முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, மூன்று நாலு மாதம் தின்று வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் நீங்கள் ஆயிரம் கண்டல் நட்டாலும் சாப்பிட ஆள் வரப்போவதில்லை. ஊர்க்கூட்டத்தில் முகத்துவாரத்தைத் தூர்வாரப் பேசுகிறபோது, நட்டவன் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

12. தீனி கொட்டாதீர்கள். அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில், மானுக்குச் செடி விதைத்துவைக்கலாம், மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டிவைத்துச் சுடக்கூடாது என்று சட்டம். ஒரே இடத்தில் வாய் வைத்துத் தின்றால் மானுக்கு மான் நோய் தொற்றும் என்பது ஒரு காரணம். நம் ஆற்றில் சிலர் கோழிக்கடைக் கழிவைக் கட்டித் தொங்கவிட்டு நண்டுக்கு ஆசை காட்டுகிறார்கள். தண்ணீர் நாறுகிறது, கெளுத்தி மட்டும் கொழுக்கிறது. கண்டல் இருக்கிற இடத்தில் அதற்குத் தேவையே வராது.

கிளையை வெட்டிப்போட்டு மீனைக் கூட்டலாமா என்றும் கேட்பீர்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் அப்படி ஒரு தொழிலே உண்டு. கண்டல் கிளைகளை வெட்டி, ஆழமில்லாத தண்ணீரில் வட்டமாக நெருக்கி நட்டுவைப்பார்கள். சில வாரத்தில் மீன் வந்து குடியேறும். சுற்றிலும் வலையை வளைத்துக் கிளையை எடுத்துவிட்டு மீனை அள்ளுவார்கள். அந்தக் கிளைக்காகவே கரையில் சொந்தமாகக் கண்டல் நட்டு வளர்க்கிற குடும்பங்கள் அங்கே இருந்தன. வெட்டுவதற்கு நட்டார்கள், நட்டதால் காடும் நின்றது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நம்மிடம் வெட்டக் கொடுக்க மரம் இல்லை. கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்திலும் கண்டல் முதல் வகைப் பாதுகாப்பில் இருக்கிறது. கிளை ஒடிக்கிற கையை அங்கேயே தட்டிவிடுங்கள்.

13. பிடிக்கிற நாள் வரும்போது, துண்டுக்குள்ளே வலை போடாதீர்கள். வெளியே, ஓடை ஆற்றில் சேருகிற இடத்தில் போடுங்கள். உள்ளே இருப்பது நாற்றங்கால், வெளியே வருவதுதான் அறுவடை. கொசுவலைக் கண்ணியில் குஞ்சு வாருகிறவனை ஊர்க்கட்டுப்பாட்டில் நிறுத்துங்கள். நண்டு வளையைத் தோண்டினால் மூச்சுவேர் அறும். கொக்கிக் கம்பியை வளைக்குள் விட்டு நண்டு பிடித்ததும் மெல்ல இழுக்கத் தெரிந்தவன் இழுக்கட்டும், தெரியாதவன் பொறி வைக்கட்டும். அடிவயிற்றில் சினை அப்பியிருக்கிற நண்டைத் திரும்ப விடுங்கள். முட்டை பொரிக்கக் கடலுக்குக் கிளம்பியது அது.

14. உங்கள் துண்டு உங்கள் சொத்து இல்லை. இதைச் சொன்னால் முகம் சுருங்கும், ஆனாலும் கேளுங்கள். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறது. எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை வைத்து மாறிமாறிப் போவார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே போய்ச் சேராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நட்ட இடத்துக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முறை வையுங்கள்.

முறை பேசுகிற கூட்டத்துக்கு இருளர் பெண்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சேற்றில் பதித்து, அகலத்திலிருந்து நடுவுக்குக் கூட்டிக்கொண்டே வருவார்கள். இறால் துள்ளுகிற அந்த நொடியில் விரலால் தலையைக் கிள்ளிப் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறி பல்லில் கடித்தபடி முகத்துக்குக் கீழே தொங்கும்; பிடித்தது அதற்குள் போகும். வாயைத் திறந்து பேசினால் பறி போய்விடும் என்பதால் வேலை முடிகிறவரைக்கும் பேச்சே இருக்காது. சேற்றின் எந்த மடிப்பில் எந்தக் காலத்தில் இறால் படுக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். எங்கே நடுவது என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். நட்ட பிறகு "இங்கே இறங்காதே" என்று அவர்களைத்தான் முதலில் விரட்டப் பார்ப்பார்கள். அதை நடக்கவிடாதீர்கள். கையால் தடவிப் பிடிக்கிறவர்களால் எந்தக் கண்டலும் செத்ததில்லை.

15. நிலம் யாருடையது என்று விஏஓ-விடம் போய் சர்வே நம்பரோடு கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே சேற்றில் ஒரு ஓரம் உப்புத்துறையுடையது, ஒரு ஓரம் நீர்வளத்துறையுடையது, இன்னொரு ஓரம் துறைமுகத்துக்குப் போயிருக்கும். வனத்துறையிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். நெய்தல் மீட்சி இயக்கம் என்று அரசே கடலோரத்தை மீட்கத் திட்டம் வைத்திருக்கிறது. நாற்றும் கூலியும் கிடைக்குமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். காகிதம் இல்லாமல் நட்ட துண்டை ஒரு ஜேசிபி ஒரு காலைப் பொழுதில் வழித்துவிட்டுப் போனால், கேட்க உங்களிடம் வாய் மட்டும்தான் இருக்கும்.

16. செத்ததை எண்ணுங்கள். நட்டதை எல்லோரும் எண்ணுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், எது போனது, எந்த உயரத்தில் போனது, எதனால் போனது என்று நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த வருடம் எங்கே நடக்கூடாது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். மேல் வரிசை முழுக்கக் காய்ந்திருந்தால் ஒரு சாண் கீழே இறங்குங்கள். கீழ் வரிசை முழுக்க அழுகியிருந்தால் மேலே ஏறுங்கள். நடுவில் நாலு கன்று மட்டும் போயிருந்தால் எருமைதான், வேறு யாரும் இல்லை.

17. ஐப்பசி அமாவாசைக்கு முன்தினம் விதை பொறுக்கப் போகலாம். வருகிறவர்கள் சணல் சாக்கு ஒன்று, பக்கெட் ஒன்று, மாற்றுத்துணி கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். நீச்சல் தெரியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கரையில் சிப்பி பொறுக்குகிற வேலை நிறைய இருக்கிறது.